கார்ன்வாலில் ஒரு ஹெரால்டு ஒழுகுகிறது

கேம்போர்ன், கார்ன்வால்

அன்புள்ள மாமாவுக்கு,

போனில் ‘கார் வாங்கிட்டேன் மாமா’ என்றதும் நீங்கள் கேட்ட முதல் கேள்வி ‘புதுசா?’ என்பது. லைன் சரியில்லை என்று வைத்துவிட்டேன். புதுசுதான் மாமா, 1968-இல்.

டிரையம்ப் ஹெரால்டு 13/60. 1961 முதல் மெட்ராஸில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்று செய்து விற்றார்களே, அதன் சீமை அண்ணன். ஆண்டர்சன்பேட்டை ஷெட்டில் உங்கள் கையால் எத்தனை ஹெரால்டுக்கு டிங்கரிங் பார்த்திருப்பீர்கள்! அந்த நினைப்பில்தான் வாங்கினேன் என்று உங்கள் மகளிடம் சொல்லிப் பார்த்தேன். ‘அப்பா கையால பார்த்தார், நீங்க வாயால பார்ப்பீங்க’ என்றாள்.

ஒரு விஷயத்தில் இந்த ஊரைப் பாராட்ட வேண்டும். நம்ம ஊரில் வண்டிக்குப் பதினைந்து வருஷம் ஆனால் எஃப்.சி.க்காக ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் தவம் கிடக்கணும். இங்கே நாற்பது வருஷம் தாண்டி, பெரிதாக எதையும் மாற்றாமல் வைத்திருந்தால் சாலை வரி இல்லை, வருஷாந்திர பரிசோதனையும் கட்டாயமில்லை. வயசாக ஆக மரியாதை. ஆஸ்பத்திரியில் என் மேலதிகாரிக்கு இந்தச் சட்டம் இன்னும் எட்டவில்லை.

மழைதான் பிரச்சினை. கோலார் தங்கவயலில் மழை வரும், தகரத்தில் சத்தம் போடும், போய்விடும். இங்கே சம்பந்தி வீட்டார் மாதிரி சத்தமில்லாமல் வந்து, கிளம்புகிற பேச்சே இல்லாமல் உட்கார்ந்துகொள்ளும். முதல் வாரமே முன்கண்ணாடியின் மேல்விளிம்பிலிருந்து என் வலது முழங்காலில் சொட்ட ஆரம்பித்தது. உங்கள் மகள் காருக்குள்ளேயே குடையை விரித்தாள். ‘சாம்பியன் ரீஃப் லைன் வீட்டுத் தகரக் கூரைக்குப் பயந்துதானே உங்களோட சீமைக்கு வந்தேன்’ என்று ஒரு வார்த்தை சொன்னாள். அதற்கு மேல் அந்தப் பயணத்தில் நான் ரேடியோகூடப் போடவில்லை.

ஒர்க்‌ஷாப் ஒன்றில் விசாரித்தேன். அடுத்த மாதம் தேதி கொடுத்தார்கள். மணிக்கணக்கில் கூலி; அந்த ஒரு மணிக்கூலிக்கு நம்ம ஷெட்டில் ஒரு வண்டிக்கு பெயிண்டே அடித்துவிடலாம். ஆகவே உங்கள் முறைதான். கதவு ரப்பர், கண்ணாடி பீடிங், கூரை விளிம்பு எல்லாவற்றிலும் உள்பக்கம் டால்கம் பவுடரைத் தூவிவிட்டு உள்ளே உட்கார்ந்துகொண்டேன். வெளியே நின்ற உங்கள் மகள் ஹோஸ் பைப்பால் தண்ணீர் அடித்தாள். கண்ணாடியை நோக்கி நேராக அடித்ததில் ஒரு உற்சாகம் தெரிந்தது. பவுடரில் ஈரக்கோடு விழுந்த இடமெல்லாம் ஓட்டை. பெரிய கோடு, கூரையின் முன்விளிம்பும் கண்ணாடிச் சட்டமும் சேருகிற இடத்தில்.

ஹெரால்டில் கூரை தனித் துண்டு, உங்களுக்குத் தெரியாததா! இத்தாலிக்காரர் மிக்கேலோட்டி வரைந்த வண்டி. சேஸிஸ் தனி, பாடி பாகம் பாகமாக போல்ட் போட்டது. போல்ட்டைக் கழற்றினால் கூரை கையோடு வரும். நடுவில் இருக்கிற ரப்பர் பட்டை காய்ந்து கருவாடாகி, பிளந்து கிடந்தது. எனக்கு முன்னால் வைத்திருந்த புண்ணியவான் அதன்மேல் பாத்ரூம் சிலிக்கானைப் பிழிந்து வைத்திருக்கிறார். புளிச்ச காடி வாடை அடிக்கும் ரகம். அதிலிருந்து வரும் அமிலம் வெறும் தகரத்தைத் தின்றுவிடும். சுரண்டச் சுரண்ட அடியில் செங்கல் பொடி மாதிரி துருதான் கொட்டியது. துருவைக் கம்பி பிரஷ்ஷால் எடுத்து, பிரைமர் அடித்து, புதுப் பட்டை வைத்தேன். எழுதும்போது ஒரே வரிதான். செய்யும்போது கூரையைப் பிடிக்க இன்னொரு ஆள் வேண்டியிருந்தது. பின்கண்ணாடியும் அதோடுதான் வருமே.

பக்கத்து வீட்டுக் கிழவர் வந்தார். சௌத் கிராஃப்டி வெள்ளீயச் சுரங்கத்தில் இருந்தவர். அந்தச் சுரங்கத்தை 1998-இல் மூடினார்கள், நம்ம தங்கச் சுரங்கத்தை 2001-இல். மூடின சுரங்கத்துக்காரர்கள் இரண்டு பேர் சந்தித்தால் பேச்சுக்குப் பஞ்சமா? அவர் தாத்தா சாம்பியன் ரீஃபில் மைன் கேப்டனாக இருந்தவராம். 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி நம்ம ஊருக்கு வந்ததும், பின்னாலேயே இங்கிருந்து கப்பல் கப்பலாக ஆள் போயிருக்கிறார்கள். இந்த ஊர் வெளியிலும் பாழடைந்த எஞ்சின் கூடங்கள்தான். நமக்குச் சயனைடு மேடு, இவர்களுக்கு ஆர்செனிக் சூளை. இவர்கள் அதற்கு 2006-இல் யுனெஸ்கோ பட்டம் வாங்கி, டிக்கெட் வைத்துக் காட்டுகிறார்கள். நம் மேட்டில் சினிமாக்காரன் சண்டைக்காட்சி எடுத்துக்கொண்டு போகிறான்.

கிழவரும் நானுமாகக் கூரையைக் கழற்றிப் புல்தரையில் வைத்தோம். உடனே மழை. கிழவர் அசரவில்லை, வானத்தைப் பார்த்துவிட்டு டீ போட உள்ளே போனார். பூமிக்கடியில் பாறைக்கு முட்டுக் கொடுத்த பரம்பரை, தலைக்கு மேலே ஒரு தார்ப்பாய் தேடவில்லை. சீட்டெல்லாம் ஊறியது. உங்கள் மகள் ஜன்னலில் நின்று போட்டோ எடுத்தாள். அத்தைக்கு அனுப்பியிருப்பாள், நீங்கள் பார்க்காத மாதிரி இருந்துவிடுங்கள்.

மீட்டர் விஷயத்துக்கு வருகிறேன். பெட்ரோல் முள் கால் டாங்க்கை அரை டாங்க் என்றது. ஹீட் முள்ளோ பனிக்காலத்திலேயே சித்திரை வெயில் காட்டியது. ‘ரெண்டு முள்ளும் சேர்ந்து பொய் சொன்னா முள்ளைத் திட்டாதே, எர்த்தைப் பாரு’ என்று நீங்கள் பையன்களை அதட்டுவது ஞாபகம் வந்தது. டேஷ்போர்டுக்குப் பின்னால் தீப்பெட்டி அளவில் ஒரு வோல்டேஜ் ஸ்டெபிலைசர். பேட்டரியின் பன்னிரண்டு சொச்சம் வோல்ட்டைப் பத்தாகக் குறைத்து இரண்டு மீட்டருக்கும் கொடுக்கிற வேலை. அது எர்த் ஆகிற இடத்தில், கூரையிலிருந்து வழிந்த தண்ணீர் வருஷக்கணக்காக இறங்கித் துருப்பிடித்திருக்கிறது. எர்த் இல்லாததால் வோல்ட் குறையாமல் அப்படியே போய், முள் இரண்டும் ஏறி நிற்கின்றன. மேலே ஒழுகினால் கீழே கணக்கு தப்பும். சுரங்கக் கம்பெனியை மூடுகிற காலத்தில் நம்ம ஆட்கள் இதைத்தான் கேட் மீட்டிங்கில் கத்தினார்கள்.

துருவைச் சுரண்டி, புது ஒயர் இழுத்து, உள்ளே இருந்த பைமெட்டல் பட்டைக்குப் பதில் எலெக்ட்ரானிக் ஸ்டெபிலைசர் வைத்தேன். அந்தச் சூட்டோடு ஆயில் பிரஷர் மீட்டர் ஒன்று, வோல்ட் மீட்டர் ஒன்று, இரண்டும் 52 மில்லிமீட்டர் வட்டம். மரப் பலகை டேஷ்போர்டில் துளை போடச் சம்மதமில்லை. ஆகவே கீழே ஒரு தகரப் பட்டை மடக்கி மாட்டினேன். பிரஷரும் பவுண்டு, விலையும் பவுண்டு. வீட்டில் இரண்டாவதைச் சொல்லவில்லை. ஓட்டும்போது கண் ரோட்டில் பாதி, பிரஷர் முள்ளில் பாதி. முன்பு விளக்கு எரியாதவரை நிம்மதியாக இருந்தேன். இப்போது ஐட்லிங்கில் முள் ஐந்து பவுண்டு இறங்கினாலும் எனக்கு நெஞ்சு படபடக்கிறது.

இப்போது ஒழுகவில்லை. இடது கதவுக்கு மேலே மட்டும் ஈரம் கசிகிறது. அது உங்கள் மகள் பக்கம் என்பதால் சீக்கிரம் பார்த்தாக வேண்டும்.

அவசரமாக ஒன்று கேட்க வேண்டும். முப்பது மைலுக்கு மேல் ஸ்பீடோமீட்டர் முள் சாமியாடுகிறது. கேபிளைக் கழற்றி கிரீஸ் போடலாமா? அதிகம் போட்டால் சுற்றிச் சுற்றி மேலே ஏறி மீட்டருக்குள் புகுந்துவிடும் என்கிறார் கிழவர். நீங்கள் எதுவரை போடுவீர்கள், மேல் நுனியில் எத்தனை அங்குலம் விடுவீர்கள் என்று எழுதுங்கள். போனில் வேண்டாம், அவள் ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாள்.

இப்படிக்கு,
உங்கள் மருமகன்