பத்து ரூபாய் லைட்டர்

நான் சிறுவனாக இருந்தபோது கோவில்பட்டிப் பெட்டிக்கடைகளில் ஒரு தேங்காய்நார்க் கயிறு தொங்கும். அதன் நுனி எப்போதும் கனன்றுகொண்டே இருக்கும். பீடி வாங்குகிறவர் அதில் பற்றவைத்துக்கொண்டு போவார். தீப்பெட்டி செய்கிற ஊரில் தீக்குச்சியை வீணாக்க யாருக்கும் மனசு வராது.

என் அம்மா தீப்பெட்டி ஆபீசில் (தொழிற்சாலையை அப்படித்தான் சொல்வோம்) கட்டை அடுக்கினார். வரிவரியாகப் பள்ளம் போட்ட சட்டத்தில் வெறுங்குச்சிகளை ஒன்றை ஒன்று தொடாமல் பரப்பி, சட்டத்துக்கு மேல் சட்டமாக ஏற்றி இறுக்க வேண்டும். இரண்டு குச்சி தொட்டுக்கொண்டால் மருந்தில் முக்கும்போது தலைகள் ஒட்டிப்போகும். அம்மா பேசிக்கொண்டேதான் அடுக்குவார். கண் சட்டத்தில் இருக்காது, விரல்களே பார்த்துக்கொள்ளும். அடுக்கிய கணக்குக்குத்தான் கூலி. என் பள்ளிக்கூடப் புத்தகம் அந்தக் கூலியில் வந்தது.

இந்தத் தொழிலைப் பின்னால் அசைக்கப்போகிற சீனா என்றால் அந்த நாளில் எங்களுக்கு 1962 போர் மட்டும்தான். பெரியவர்கள் கோபத்தோடு பேசுவார்கள். ஆனால் அந்த நாட்டுப் பொருள் என்று வீட்டில் எதுவும் இருந்த நினைவில்லை. 1988 டிசம்பரில் ராஜீவ் காந்தி பெய்ஜிங் போனார். 1954-இல் நேரு போனதற்குப் பிறகு அங்கே காலடி வைத்த முதல் இந்தியப் பிரதமர் அவர்தான். சீனத் தலைவர் டெங் சியாவோபிங் அவர் கையை விடாமல் குலுக்கினார். அதற்குப் பிறகும் வியாபாரம் மெதுவாகவே வளர்ந்தது. 2000-இல்கூட இரு நாட்டு வர்த்தகம் சுமார் 300 கோடி டாலர்தான்.

2019 அக்டோபரில் சீன அதிபர் ஷி ஜின்பிங் மாமல்லபுரம் வந்தார். 1956-இல் சீனப் பிரதமர் சூ என்லாய் வந்து பார்த்த அதே ஊர். வேட்டி கட்டிய பிரதமர் மோடி அர்ஜுனன் தபசைச் சுற்றிக் காட்டினார். ஐந்து ரதத்தடியில் இருவரும் இளநீர் குடித்தார்கள். தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்த அம்மா கேட்டார்: “ஏய்யா, லைட்டரு செய்ற நாட்டுக்காரவுக இவுகதான? அதப்பத்தி யாராச்சும் கேட்டாகளா?”

அம்மா கேட்டதில் நியாயம் இருந்தது. கயிறு தொங்கிய இடத்தில் அப்போதே நூலில் கட்டிய பிளாஸ்டிக் லைட்டர் தொங்க ஆரம்பித்திருந்தது. பத்து ரூபாய் லைட்டர் ஒன்று இருபது தீப்பெட்டியின் விற்பனையைத் தின்றுவிடும் என்பது தீப்பெட்டி உற்பத்தியாளர்களின் கணக்கு. 2022-இல் முதலமைச்சர் ஸ்டாலின் மத்திய அமைச்சர் பியூஷ் கோயலுக்கு எழுதிய கடிதத்திலும் இந்தக் கணக்கு இருக்கிறது. தென் மாவட்டங்களில் ஒரு லட்சம் பேருக்கு மேல் தீப்பெட்டித் தொழிலை நம்பியிருக்கிறார்கள், பெரும்பாலும் பெண்கள். மூலப்பொருள் விலையெல்லாம் எங்கோ போயிருந்தும், ஒரு ரூபாய்த் தீப்பெட்டியை இரண்டு ரூபாய் ஆக்க 2007-இலிருந்து 2021 டிசம்பர் வரை பதினான்கு வருஷம் காத்திருந்த தொழில் இது.

மாமல்லபுரத்தில் வர்த்தகப் பற்றாக்குறையைப் பற்றிப் பேசாமல் இல்லை. அமைச்சர் மட்டத்தில் பொருளாதாரப் பேச்சுவார்த்தைக்கு ஓர் ஏற்பாடு செய்வதென்று முடிவானது. அதற்கு முந்தைய 2018-19 நிதியாண்டில் பற்றாக்குறை சுமார் 5,350 கோடி டாலர். அந்தச் சந்திப்பு முடிந்த எட்டே மாதத்தில் எல்லையில், கல்வானில், மோதல். நம் வீரர்கள் இருபது பேர் உயிர்விட்டார்கள். ஒருவர் எங்கள் பக்கத்து ராமநாதபுரம் மாவட்டத்துக்காரர். டிக்டாக் உட்பட 59 செயலிகள் தடையாயின, சீன முதலீட்டுக்குக் கெடுபிடி அதற்கு முன்பே வந்திருந்தது, சீனப் பொருளை வாங்க மாட்டோம் என்று தெருவில் சபதம் எடுத்தார்கள். இத்தனைக்கும் பிறகு 2024-25-இல் பற்றாக்குறை 9,900 கோடி டாலரைத் தாண்டிவிட்டது. கைகுலுக்கியபோதும் கூடியது, முகத்தைத் திருப்பிக்கொண்டபோதும் கூடியது.

இருபது ரூபாய்க்குக் குறைந்த லைட்டர் இறக்குமதிக்கு 2023 ஜூனில்தான் தடை வந்தது. உடனே உதிரி பாகங்களாகக் கொண்டுவந்து இங்கே பூட்டி விற்றார்கள். 2024 அக்டோபரில் பாகங்களுக்கும் தடை. இரண்டும் சரியான முடிவுகள். தாமதம்தான் என் ஆத்திரம். கட்டை அடுக்கிப் பிழைத்தவர்களுக்கு அந்தத் தாமதத்தில் போன கூலி திரும்பாது.

இதே தமிழ்நாட்டில் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஐபோன் பூட்டுகிறார்கள். ஆயிரக்கணக்கான பெண்களுக்கு அங்கே வேலை. எனக்கு அதில் மகிழ்ச்சிதான். ஆனால் உள்ளே போகிற பாகங்களில் பெரும்பங்கு வெளியிலிருந்து, அதிலும் முக்கியமாகச் சீனாவிலிருந்து வருகிறது. லைட்டரின் பாகத்துக்குத் தடை, போனின் பாகத்துக்கு வரவேற்பு. லைட்டருக்குப் பதில் நம்மிடம் தீப்பெட்டி இருந்தது. போனின் பாகத்துக்குப் பதில் எதையும் நாம் போதிய அளவில் செய்து பழகவில்லை. 2025 ஏப்ரலில் சீனா அரிய மண் காந்தங்களுக்கு ஏற்றுமதிக் கட்டுப்பாடு போட்டபோது நம் வாகனத் தொழில் தவித்ததும் இதனால்தான். 2024-25-இல் நாம் அவர்களுக்கு விற்றது ஏறக்குறைய 1,400 கோடி டாலர் பொருள். இதை வைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்து எவ்வளவு அழுத்திப் பேச முடியும்?

2025 ஆகஸ்டில் மோடி தியான்ஜின் போய்வந்தார். அக்டோபரில் இரு நாட்டுக்கும் இடையே நேரடி விமானங்கள் மறுபடி பறக்கத் தொடங்கின. பேச்சு நிற்கக்கூடாது, பேசட்டும். ஆனால் அடுத்த சுற்றுக்குக் கோப்பு தயாரிக்கிற அதிகாரிகள் தீப்பெட்டி ஊர்களான கோவில்பட்டிக்கும் சாத்தூருக்கும் ஒருமுறை வரவேண்டும். எந்தப் பொருள் எந்த விலையில் உள்ளே வந்தால் எத்தனை ஆபீஸ் மூடும் என்பதை உற்பத்தியாளர்கள் மட்டுமல்ல, அங்கே பெட்டி அடைக்கிற பெண்களும் சொல்வார்கள். அதைப் பேச்சுக்கு முன்னால் கேட்க வேண்டும், அம்மா கேட்டு ஏறக்குறைய நான்கு வருஷம் கழித்துத் தடை வந்ததுபோல் அல்ல.