வாத்தியார் வைத்த பெயர்

இங்கிலாந்தின் மார்ல்பரோ பள்ளியில் கிரேக்கமும் லத்தீனும் நடத்தியவர் எட்வர்டு மேரிக். பையன்களின் இலக்கணத்தைத் திருத்திய நேரம் போக, உலகெங்குமிருந்து வந்து சேர்ந்த பொடி அந்துப்பூச்சிகளுக்குப் பெயர் சூட்டுவார். ஒன்றிரண்டல்ல, 10,000க்கும் மேல்! இத்தனையையும் யார் அச்சிடுவது? தாமே ஒரு பத்திரிகை தொடங்கிக்கொண்டார். எழுதியவரும் அவரே, ஆசிரியரும் அவரே. படைப்பு திரும்பி வந்த சரித்திரமே கிடையாது.

1917இல் பெரு நாட்டு ஹுவான்காயோ மலையூரின் சாம்பல் நிறப் பூச்சி ஒன்றுக்கு ‘ஃப்தோரிமேயா அப்சொலூட்டா’ என்று பெயர் வைத்தார். பெயரின் முன்பாதி பேரினம்; அதைச் சொல்ல இறக்கை நரம்பு போதும் என்பது அவர் கட்சி. இந்தக் கூட்டத்திலோ இறக்கையெல்லாம் ஏறக்குறைய ஒரே அச்சு. ஆண் பூச்சியின் பிறப்புறுப்பைப் பார்த்தால்தான் ஆள் யாரென்று தெரியும். மேரிக் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. பள்ளிக்கூட வாத்தியார், பாவம்!

1938இல் அவர் கண்ணை மூடினார். பிறகு, அவருடைய பூச்சிகள் இருந்த லண்டன் அருங்காட்சியகத்துக்கு வந்த அமெரிக்கர் கேட்ஸ் கிளார்க்குக்கு அந்தக் கூச்சமெல்லாம் இல்லை. வாத்தியாரின் பூச்சிகளுடைய வயிற்றைக் கழற்றி, காரக் கரைசலில் வேகவைத்து, சதையை நீக்கி, மிஞ்சியதைக் கண்ணாடித் தகட்டில் பதித்துப் படமெடுத்தார். பூச்சிகளின் அந்தரங்கம் தொகுதி தொகுதியாக அச்சேறியது.

அப்சொலூட்டாவுக்கு வீடு மாறும் யோகம் பிறந்தது. கிளார்க் அதை நோரிமோஸ்கீமா என்ற பேரினத்தில் குடிவைத்தார். செக் நாட்டு போவொல்னி 1964இல் ஸ்க்ரோபிபால்புலாவுக்குத் தூக்கினார், 1987இல் ஸ்க்ரோபிபால்புலாய்டஸ், 1994இல் டூட்டா. இதுவாவது வாயில் நுழைந்தது.

பூச்சி தன் வேலையில் கண்ணாயிருந்தது. ஒரு பெண்பூச்சி 260 முட்டை வரை இடும். புழு தக்காளி இலையின் இரு தோலுக்கும் நடுவே புகுந்து பச்சையை மட்டும் சுரண்டித் தின்னும். காயில் குண்டூசி குத்தியதுபோல் துளை போடும்; ஊரில் அதற்கு ஊசிப்புழு என்று பெயர். 2006இல் ஸ்பெயினுக்குப் போனது, 2014இல் மகாராஷ்டிரத்துக்கு வந்தது, பிறகு தமிழ்நாட்டுத் தோட்டங்களுக்கும்.

2021இல் இரண்டு ஆய்வாளர்கள் உறுப்பு உறுப்பாக ஒப்பிட்டுத் தீர்ப்புச் சொன்னார்கள்: இது உருளைக்கிழங்கு அந்துப்பூச்சியின் பங்காளி, ஆகவே ஃப்தோரிமேயாதான். அதற்காக மேரிக்கைத் தீர்க்கதரிசி ஆக்கிவிட வேண்டாம். அவர் காலத்தில் அந்தப் பேரினம், கிடைத்ததையெல்லாம் திணித்துவைத்த சாக்குமூட்டை.

உங்கள் தக்காளியில் துளை கண்டால் ‘ஊசிப்புழுவுக்கு இனக்கவர்ச்சிப் பொறி’ என்று மட்டும் கேளுங்கள். ஃப்தோரிமேயா என்று ஆரம்பித்தால் கடைக்காரர் உங்களுக்குத்தான் மருந்து தேடுவார்.