வரிசையில் வைத்த குடம்: வடசென்னை நிறுவல் கலை குறித்து ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருள்

ராயபுரம் கல்மண்டபத்தில் தொடங்கி தண்டையார்பேட்டை, காலடிப்பேட்டை, திருவொற்றியூர், எர்ணாவூர் என எண்ணூர் வரை, சந்து முனைகளிலும் கறுப்பு சின்டெக்ஸ் தொட்டிகளின் அடியிலும் பிளாஸ்டிக் குடங்கள் வரிசை கட்டி நிற்பதைக் காணலாம். பச்சை, நீலம், ரோஸ், ஆரஞ்சு. நடுநடுவே ஒரு பெயின்ட் டப்பா, ஓர் அரைச் செங்கல், வார் அறுந்த ஒற்றைச் செருப்பு. பக்கத்தில் ஆள் இருக்க மாட்டார். இந்தக் காட்சியைக் குடிநீர் வாரியம் விநியோகப் பிரச்சினையாகவும், நாளிதழ்கள் உள்பக்கச் செய்தியாகவும், மாமியார்கள் மருமகளின் கடமையாகவும் மட்டுமே பார்த்து வந்திருக்கிறார்கள். கலை வரலாறு ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தப் பெருங்குறையைப் போக்கவே இவ்வாய்வு.

கருதுகோள் வருமாறு: தற்காலக் கலைக்கு உலகம் ஒப்புக்கொண்ட எல்லா இலக்கணமும் இக்குடவரிசைக்குப் பொருந்துகிறது, ஆகவே இது கலை. இல்லை என்பவர்கள் ஒன்று இலக்கணத்தை மாற்ற வேண்டும், அல்லது தண்ணீர் விட வேண்டும்.

2. முன்னோடிகள்

1917-இல் நியூயார்க்கில் மார்செல் துஷாம்ப் என்ற பிரெஞ்சுக்காரர் கடையில் விற்ற ஒரு சிறுநீர்க் கோப்பையை எடுத்து, 'ஆர். மட்' என்று கையெழுத்துப் போட்டு, 'நீரூற்று' என்று பெயரிட்டுக் கண்காட்சிக்கு அனுப்பினார். அமைப்பாளர்கள் வைக்க மறுத்தார்கள். பிற்காலத்தில் அதுவே அந்த நூற்றாண்டின் தலையாய கலைப்படைப்புகளில் ஒன்று எனக் கொண்டாடப்பட்டது. அசல் தொலைந்துபோய், பெரும்பாலும் 1964-இல் செய்த நகல்கள்தான் இன்று அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. நீரூற்று என்று பெயர் வைத்து ஒரு சொட்டு நீர்கூடத் தராத ஏற்பாடு ஒன்றை உலகம் முதன்முதலில் கண்டது அப்போதுதான் என்பார்கள். எங்கள் தெரு அடிபம்புகளைப் பார்க்காதவர்கள் சொல்வது அது.

அதே 1964-இல் ஆண்டி வார்ஹால் பாத்திரம் தேய்க்கும் நார் விற்கும் பிரில்லோ பெட்டிகளைப் போலவே பெட்டிகள் செய்து அடுக்கிவைத்தார். அதைப் பார்த்த தத்துவப் பேராசிரியர் ஆர்தர் டான்டோ, கடைப் பெட்டிக்கும் கலைப் பெட்டிக்கும் வேறுபாடு கண்ணுக்குத் தெரிவதில்லை, அதைச் சுற்றியுள்ள கலையுலகமும் கோட்பாடும்தான் ஒன்றைக் கலையாக்குகின்றன என்று எழுதினார். நம் ஆய்வுக்கு இது மிகவும் சாதகம். குடம் இருக்கிறது, கோட்பாடு ஒன்றுதான் பாக்கி.

பாத்திர வகையில் நம் நாட்டு முன்னோடி பீகாரில் பிறந்த சுபோத் குப்தா. எவர்சில்வர் பாத்திரங்களைக் கோத்து அவர் 2006-இல் செய்த பிரம்மாண்டமான மண்டையோடு, வெனிஸ் நகரத்து மாளிகை ஒன்றின் முன் வைக்கப்பட்டது. அண்டா, குண்டான், தூக்கு எல்லாம் இத்தாலி வரைக்கும் போய்விட்டன. குடம் மட்டும் இன்னும் லாரிக்குக் காத்திருக்கிறது.

கடைசியாக வாழைப்பழம். மௌரிசியோ கத்தெலான் 2019 டிசம்பரில் மயாமியில் ஒரு பழத்தைச் சுவரில் டேப் போட்டு ஒட்டி 1,20,000 டாலருக்கு விற்றார். 2024 நவம்பரில் நியூயார்க் ஏலத்தில் அதன் ஒரு பிரதி 62 லட்சம் டாலருக்குப் போயிற்று. வாங்கிய கிரிப்டோ வணிகர் ஹாங்காங்கில் பத்திரிகையாளர்கள் முன்னிலையில் பழத்தை உரித்துத் தின்றார். அதனால் அவருக்கு நட்டமில்லை. ஏனெனில் அவர் வாங்கியது பழத்தையல்ல, சான்றிதழை. பழம் அழுகினால் வேறு பழம் ஒட்டிக்கொள்ளலாம் என்று அதில் விதி உண்டு. இந்த விதியை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

3. கள ஆய்வு

தண்டையார்பேட்டையின் ஒரு சந்தில் இவ்வாய்வாளர் நோட்டும் கேமராவுமாக நின்றபோது, குடத்தின் உரிமையாளர் ஒருவர் வாசலிலிருந்தே குரல் கொடுத்தார்: "இன்னா சார், கொடத்தப் போயி போட்டோ புட்ச்சினு கீற? லாரி எப்ப வரும்னு ஆபீசுக்குப் போன் போட்டுக் கேளு." படைப்பாளிக்கும் பார்வையாளருக்கும் இடையே தடையற்ற உரையாடல் நிகழ வேண்டும் என்று இன்றைய கலை அமைப்புகள் கருத்தரங்கு நடத்தி வேண்டுகின்றன. இங்கே அது அழைக்காமலே நிகழ்கிறது.

வரிசையில் நான்காவதாக இருந்த அரைச் செங்கல்லைக் காட்டி, அதை யாராவது எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று கேட்கப்பட்டது. "அது ஆயாவோட கல்லு. எவன் எடுப்பான்?" என்பது பதில்.

4. கண்டறிந்தவை

4.1. கருத்துருக் கலை: மேற்படிப் பதிலை அலசினால் வாழைப்பழச் சான்றிதழின் முழுச் சட்டமும் அதில் அடங்கியிருப்பது விளங்கும். ஆயா வரிசையில் வைத்தது குடம். அந்தக் குடம் வீட்டுக்குத் தேவைப்பட்டதால் அதை எடுத்துக்கொண்டு செங்கல்லை வைத்தார். செங்கல்லை மழைக்கு அண்டை கொடுக்கக் கொண்டுபோனால் செருப்பை வைப்பார். பொருள் மாறும், இடம் மாறாது. படைப்பு என்பது குடமும் அல்ல, கல்லும் அல்ல; நான்காவது இடம் ஆயாவுக்கு உரியது என்று ஒரு தெருவே ஒப்புக்கொண்டிருக்கிற அந்த ஏற்பாடு. மயாமியில் இதைக் காப்பாற்ற சான்றிதழும் வழக்கறிஞரும் வேண்டும். தண்டையார்பேட்டையில் ஆயாவின் குரல் போதும்.

4.2. கையொப்பம்: எல்லாக் குடமும் ஒரே அச்சில் வார்த்தவை என்பதால் அடையாளம் அவசியம். பழுக்கக் காய்ச்சிய கம்பியால் கழுத்தில் சுட்ட இனிஷியல், நகப்பூச்சில் வைத்த மூன்று பொட்டு, இடுப்பைச் சுற்றி எனாமல் பெயின்டில் இழுத்த கோடு, வாயில் கட்டிய பழைய புடவைக் கரை எனப் பல பாணிகள் உண்டு. இங்கே ஓர் ஒப்பீடு தேவைப்படுகிறது. இதே திருவொற்றியூரில் 1950-களிலிருந்து தயாரான புல்லட் மோட்டார் சைக்கிளின் பெட்ரோல் டேங்க்கில், தூரிகை பிடித்துக் கையாலேயே இழுத்த பொன் கோடு உலகப் புகழ்பெற்றது. அதைப் படமெடுக்க வெளிநாட்டவர் வந்தார்கள். இரண்டுமே ஸ்கேல் வைக்காமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு, வளைவான பரப்பில் இழுத்த கோடுகள். ஒன்று ஷோரூமுக்குப் போயிற்று. மற்றது சந்து முனையிலேயே நின்றுவிட்டது.

4.3. செப்பனிடல்: உடைந்த பீங்கானைப் பொன் கலந்த அரக்கால் ஒட்டி, விரிசலையே அழகாக்குவது ஜப்பானியர் மரபு. அதைப் பற்றி வாழ்க்கைத் தத்துவப் புத்தகங்கள் ஏராளம் வந்திருக்கின்றன. ஓட்டை விழுந்த குடத்தின் அடியைச் சூடான கரண்டிக் காம்பால் இளக்கி, உடைந்த மக்கின் துண்டை வைத்து உருக்கித் தேய்ப்பது எங்கள் மரபு. துண்டு எந்த நிறத்தில் கிடைக்கிறதோ அதுதான். பச்சைக் குடத்தின் அடியில் ரோஸ் நிறத் தழும்பு. சுற்றிலும் புகைக் கறை. விரல் வைத்தால் தட்டுப்படும் சின்ன மேடு. இதைப் பற்றி எந்தத் தத்துவப் புத்தகமும் வரவில்லை. ஒழுகுகிறதா இல்லையா என்பதே இங்கு ஒரே அளவுகோல்.

4.4. நிகழ்த்துகலை: இப்பகுதிக்கு இதில் நெடிய மரபு உண்டு. திருவொற்றியூர்க் கடற்கரையில் சமாதி கொண்ட பட்டினத்தார், தன்னோடு விளையாடிய சிறுவர்களிடம் ஒரு பாத்திரத்தால் தன்னை மூடச் சொல்லி, திறந்து பார்த்தபோது லிங்கமாகியிருந்தார் என்பது வழிவழிக் கதை. பாத்திரம், பார்வையாளர் பங்கேற்பு, மறைதல் மூன்றும் சேர்ந்த நிகழ்வு அது. தற்கால வடிவம் 'காலிக் குடங்களுடன் பெண்கள் சாலை மறியல்' என்ற தலைப்பில் கோடைதோறும் செய்தித்தாள்களில் வெளியாகிறது. பொருள்கள் எளியவை, களம் டி.எச். ரோடு, பின்னணி இசை கன்டெய்னர் லாரிகளின் ஹாரன். இறுதிக் காட்சியில் காவல் ஆய்வாளரும் வாரிய அதிகாரியும் தோன்றிப் பேச்சுவார்த்தை நடத்துவர்.

4.5. விமர்சனம்: விமர்சன மரபு இல்லாமல் கலை வளராது என்பார்கள். சட்டமன்றத்திலோ இலக்கியக் கூட்டத்திலோ வாக்குவாதம் முற்றினால் அதைக் குழாயடிச் சண்டை என்று இகழ்வது வழக்கம். இது உண்மையான குழாயடிச் சண்டைக்கு இழைக்கும் அநீதி. அங்கே ஒவ்வொரு வாதமும் ஆதாரத்தோடு வரும்: யார் எத்தனை மணிக்குக் குடம் வைத்தார், போன வாரம் யார் காலால் நகர்த்தினார், மூன்று வருடம் முன்பு கல்யாண வீட்டுக்கு என்று சொல்லி யார் கூடுதலாகப் பிடித்தார் என்று எல்லாம் நினைவிலிருந்து எடுத்துவைக்கப்படும். எந்த ஆய்விதழிலும் இவ்வளவு கறாரான சரிபார்ப்பு கிடையாது.

5. மறுப்புகளும் விடைகளும்

5.1. 'கலை எது என்று அரசு அல்லவா சொல்ல வேண்டும்?' அரசு சொல்லியிருக்கிறது. துறைமுகத்துக்கு எதிரே ராஜாஜி சாலையில் சுங்க மாளிகை இருக்கிறது. சுங்கக் கட்டண அட்டவணையில் கலைப்படைப்புகளுக்கு 97-ஆம் அத்தியாயம். பிளாஸ்டிக் வீட்டுச் சாமான்களுக்கு 39-ஆம் அத்தியாயம். குடம் 39-இல் வரும். அழகியல் முழுவதும் இப்படி இரண்டு எண்களில் முடிந்துவிட்டதே என்று வருந்துவோருக்கு ஒரு முன்னுதாரணம்: 1926-இல் பிரான்குசியின் 'வெளியில் பறவை' என்ற வெண்கலச் சிற்பம் நியூயார்க் துறைமுகத்தில் இறங்கியபோது, பறவைக்கான அடையாளம் எதுவும் காணாத அதிகாரிகள் அதைச் சமையலறை, மருத்துவமனைச் சாமான்கள் கணக்கில் சேர்த்து 40 சதவீத வரி போட்டார்கள். வழக்கு நடந்து, 1928-இல் அது கலைதான் என்று தீர்ப்பாயிற்று. பளபளப்பான உலோகத் துண்டு சமையலறையிலிருந்து கலைக்கூடத்துக்கு ஏறலாம் என்றால், குடத்துக்கும் மேல்முறையீட்டு உரிமை உண்டு.

5.2. 'குடம் எப்படிக் கலையாகும்?' ஏற்கெனவே ஆகியிருக்கிறது. தலையில் ஏறி ஆடினால் அது கரகாட்டம். கலைமாமணி விருதுக்கு உரியது. மானாமதுரையில் வனைந்து சபா மேடையில் மடியில் வைத்துத் தட்டினால் அது கடம். விக்கு விநாயக்ராம் அதை உலகமெல்லாம் கொண்டுபோனார். கோபுர உச்சியில் வைத்தால் கலசம். கீழே நின்று கையெடுத்துக் கும்பிடுகிறோம். தலை, மடி, உச்சி எங்கும் குடத்துக்கு மரியாதை இருக்கிறது. இடுப்பில் ஏறும்போது மட்டும் இல்லை.

5.3. 'அதற்குப் பயன் இருக்கிறதே!' இதுவே மறுப்புகளில் வலுவானது. பயன் கருதாமல் ரசிப்பதே அழகுணர்ச்சி என்று 1790-இல் ஜெர்மன் தத்துவஞானி கான்ட் எழுதிவைத்துவிட்டார். அவர் வீட்டில் தண்ணீர் சுமந்தவர் யார் என்று அந்த நூலில் இல்லை.

6. தேற்றம்

மேற்கண்டவற்றைச் சேர்த்துப் பார்த்தால் ஒரு விதி புலப்படுகிறது. துஷாம்பின் கோப்பை, குழாயில் மாட்டப்படாததால்தான் கலையாயிற்று. சுபோத் குப்தாவின் குண்டானில் சோறு வேகவில்லை. கடத்தில் யாரும் தண்ணீர் மொள்வதில்லை. நியூயார்க்கில் தெருவோரப் பழக்கடையில் 35 சென்ட்டுக்கு வாங்கிய வாழைப்பழம், அதை உடனே தின்னத் தேவையில்லாதவர்கள் கைக்குப் போனதும் 62 லட்சமாயிற்று. ஆக, ஒரு பொருளைப் பயன்படுத்தாமல் சும்மா வைத்துப் பார்க்க ஒருவருக்கு வசதி வரும்போது அந்தப் பொருள் கலையாகிறது.

வடசென்னைக் குடத்துக்கு அந்த வசதி வாய்க்கவில்லை. 2019 கோடையில் நகரின் ஏரிகள் வற்றி, ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் ரயிலேறி வில்லிவாக்கம் வந்தபோது, ரயிலுக்கு வாழைமரம் கட்டி வரவேற்பு நடந்தது. எண்ணூருக்கு வடக்கே காட்டுப்பள்ளியில் 2010 முதல் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை இருக்கிறது. அதன் திறன் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர். கடலும் பக்கத்தில், ஆலையும் பக்கத்தில், ஊருக்கெல்லாம் மின்சாரமும் பெட்ரோலும் இந்தப் பக்கத்திலிருந்து. குடம் மட்டும் வரிசையில். 15 லிட்டர் பிடிக்கும் குடத்தை இடுப்பில் ஏற்றி இரண்டு மாடி ஏறுகிறவரிடம் போய், சற்றுத் தள்ளி நின்று அதன் வண்ணச் சேர்க்கையைப் பாருங்கள் என்றால் அவர் என்ன சொல்வார் என்பதை மூன்றாம் பகுதியிலேயே பதிவு செய்தாயிற்று.

எனவே கருதுகோளில் ஒரு திருத்தம்: இக்குடவரிசை கலைக்குரிய எல்லாத் தகுதியும் பெற்றது; ஆனால் இன்னும் கலையாகவில்லை. அதைக் கலையாக்கும் அதிகாரம் கலைக்கூடங்களிடம் இல்லை, குடிநீர் வாரியத்திடம் இருக்கிறது.

7. பரிந்துரைகள்

அ) எல்லா வீட்டுக் குழாயிலும் எல்லா நேரமும் தண்ணீர் வர வேண்டும். அழியும் கலைகளைக் காக்க வேண்டும் என்பது பொது விதி. இந்த ஒரு கலைக்கு விலக்கு அளிக்கலாம்.

ஆ) அது நடந்த பிறகு, 1856-இல் திறக்கப்பட்ட ராயபுரம் ரயில் நிலையத்தில் நிரந்தரக் கண்காட்சி ஒன்று அமைத்து, குடங்களை அவற்றின் அசல் வரிசை எண் மாறாமல் வைக்க வேண்டும். அரைச் செங்கல்லுக்கு நான்காவது இடத்தில் தனிப் பீடம் தரலாம். ஆயாவின் சம்மதத்தை எழுத்தில் பெறுவது நல்லது.

இ) அதுவரை கலை ஆர்வலர்கள் குடங்களைத் தொடவோ, வெளிச்சத்துக்காக நகர்த்தி வைக்கவோ கூடாது. மீறுவோர் எதிர்கொள்ளும் விமர்சனத்துக்கு (காண்க: 4.5) இவ்வாய்வாளர் பொறுப்பல்ல.