முழுசாய்த் தெரிந்த ஞாயிறு: எம்.ரெட்டியபட்டி வட்டாரத்தில் சக்திமான் சிறப்பு நிகழ்ச்சிகள் குறித்த ஓர் ஆய்வு

1. வரையறை

ஆண்டு நிறைவுச் சிறப்பு நிகழ்ச்சி என்பது ஒரு தொலைக்காட்சித் தொடர் தன் பிறந்தநாளைத் தானே கொண்டாடிக்கொள்ளும் ஒளிபரப்பு. பழைய நடிகர்கள் திரும்பி வருவார்கள். பழைய காட்சிகளைப் போட்டுக் காட்டுவார்கள். பார்ப்பவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். பிரிட்டனில் 1963 நவம்பர் 23 அன்று தொடங்கிய 'டாக்டர் ஹூ' தன் 20-ஆம் ஆண்டை 'தி ஃபைவ் டாக்டர்ஸ்' என்ற சிறப்புப் படத்தோடு கொண்டாடியது. 50-ஆம் ஆண்டுப் படம் 2013-ல் 94 நாடுகளில் ஒரே சமயத்தில் ஒளிபரப்பானது. அமெரிக்காவில் 1969-ல் பிறந்த 'செசமி ஸ்ட்ரீட்' 20, 25, 50 என்று வரிசையாக விழா எடுத்தது.

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்து வானம் பார்த்த பூமியில், குறிப்பாக எம்.ரெட்டியபட்டி வட்டாரத்தில், இந்த வரையறை செல்லாது. அங்கே 'சக்திமான்' என்ற சூப்பர்ஹீரோ தொடரின் சிறப்பு நிகழ்ச்சி எது என்பதைத் தயாரிப்பாளரோ நிலையமோ முடிவு செய்ததில்லை. படம் தெளிவாக விழ வேண்டும், கரண்ட் போகாமல் இருக்க வேண்டும், உட்கார இடம் கிடைக்க வேண்டும். இம்மூன்றும் கூடிவந்த ஞாயிறே சிறப்பு ஞாயிறு. மூன்றில் ஒன்று தவறினாலும் அது சாதாரண வாரம்.

2. ஆண்டு நாள் கணிப்பு

சக்திமான் தூர்தர்ஷனில் 1997 செப்டம்பர் 13, சனிக்கிழமை தொடங்கி, 2005 மார்ச்சில் முடிந்தது. இடையில் அதன் நேரம் ஞாயிறு நண்பகலுக்கு மாறியது. வட்டாரத்தின் நினைவில் தங்கியிருப்பது அந்த நேரம்தான். எனவே முறைப்படி ஒவ்வொரு செப்டம்பர் 13-ம் ஆண்டு நிறைவு நாள்.

ஆனால் தமிழ்நாட்டில் தொலைக்காட்சிப் பிறந்தநாட்களைப் பண்டிகைகள் விழுங்கிவிடுவது வழக்கம். சென்னைத் தொலைக்காட்சி நிலையம் பிறந்தது 1975 ஆகஸ்ட் 15. அதன் பிறந்தநாள் கொடியேற்றத்தில் கரைந்துவிடும். சன் டிவி பிறந்தது 1993 ஏப்ரல் 14. அன்று சித்திரைப் புத்தாண்டு. சக்திமானும் இந்த விதிக்குத் தப்பவில்லை. இரண்டாம் ஆண்டு நிறைவான 1999 செப்டம்பர் 13 அன்றும், 21-ஆம் ஆண்டு நிறைவான 2018 செப்டம்பர் 13 அன்றும் விநாயகர் சதுர்த்தி வந்தது. திதிகள் 19 ஆண்டுக்கு ஒருமுறை அதே ஆங்கிலத் தேதிக்குத் திரும்பும் என்பது வானியல் உண்மை. ஆகவே அவ்விரு நாட்களிலும் வீடுதோறும் கொழுக்கட்டை அவித்தது சக்திமானுக்காகவும்தான் என்று வாதிட இடமுண்டு. மறுக்கத் தக்க ஆதாரம் எவரிடமும் இல்லை.

3. முதல் நிபந்தனை: படம்

தென் மாவட்டங்களுக்குத் தூர்தர்ஷன் அலை கொடைக்கானல் மலையிலிருந்து வந்தது. இவ்வட்டாரத்திலிருந்து பார்த்தால் கொடைக்கானல் வடமேற்கே. 1982-ல் தொடங்கிய இலங்கையின் ரூபவாஹினியோ நேர் எதிர்த்திசையில், தென்கிழக்கே. இதனால் மச்சில் ஏறி ஆண்டெனாவைத் திருப்பும் ஆள், இரு நாடுகளுக்கு இடையே முடிவெடுக்கும் பொறுப்பில் இருந்தார். கிரிக்கெட்டுக்காக இலங்கைப் பக்கம் திருப்பிய குழாயைச் சனி இரவே கொடைக்கானல் பக்கம் திருப்பாத பெரியப்பாக்களால் பல ஞாயிறுகள் பாழாயின.

திருப்பும் முறைக்குக் குறைந்தது மூவர் தேவை: மேலே ஒருவர், பெட்டியின் முன்னால் ஒருவர், செய்தி கடத்த வாசலில் ஒருவர். உரையாடல் எங்கும் ஒன்றுதான்.

"இப்பத் தெரியுதாடா?"

"புள்ளி புள்ளியாத் தெரியுதுண்ணே. இன்னுங் கொஞ்சம் திருப்புங்க."

"இப்ப?"

"ஆங், ஆங்... போச்சுண்ணே!"

படம் தெரிந்த கணத்தில் மேலே இருப்பவர் கையை எடுப்பார். கை எடுத்ததும் படம் போகும். மனித உடலும் ஆண்டெனாவின் ஒரு பாகம் என்பதை இவ்வட்டாரச் சிறுவர்கள் இயற்பியல் பாடத்துக்கு முன்பே அறிந்திருந்தனர். மழைக்கு வானத்தைப் பார்த்துப் பழகிய ஊரில், படத்துக்கும் வானத்தைப் பார்ப்பது யாருக்கும் சிரமமாக இல்லை.

4. இரண்டாம் நிபந்தனை: கரண்ட்

தொடரின் வில்லன் தம்ராஜ் கில்விஷ். இருளே நிலைக்க வேண்டும் என்பது அவன் கொள்கை. சக்திமான் சுழன்று வந்து அவன் ஆட்களை அடக்கும் நேரம் பார்த்துக் கரண்ட் போவதைக் கண்ட சிறுவர்கள், கில்விஷின் ஆதிக்கம் கதைக்கு வெளியேயும் பரவியிருப்பதாக நம்பியதில் பிழை சொல்ல முடியாது. உச்சி வெயிலில் மற்ற வில்லன்களால் ஆகாத காரியம் இது.

கரண்ட் இருந்தும் நிகழ்ச்சி நிற்கும் சந்தர்ப்பம் வேறு. அப்போது திரையில் 'தடங்கலுக்கு வருந்துகிறோம்' என்ற அட்டை வரும். கரண்ட் போனால் யாரும் வருந்துவதில்லை என்பது இரண்டுக்கும் உள்ள வேறுபாடு.

இந்தத் தடங்கல்களால் ஓர் அரிய விளைவு உண்டானது. விடுபட்ட பகுதியைத் திங்கள்கிழமை பள்ளிக்கூடத்தில் யாராவது சொல்லியாக வேண்டும். சொன்னவனும் பார்த்திருக்க மாட்டான். தொடர் இந்தியில் வந்ததும் அவனுக்கு வசதி. வீட்டில் தெலுங்கும் தெருவில் தமிழும் பேசும் பிள்ளைகள் நிறைந்த வட்டாரத்தில் மூன்றாவதாக ஒரு மொழி தெரிந்தவர்கள் அபூர்வம். பம்பாயில் வேலைபார்த்துத் திரும்பிய சித்தப்பா உள்ளவன் சொன்னதே பொருள். கங்காதர் என்ற அசட்டுப் புகைப்படக்காரர்தான் சக்திமான் என்பதும், நிருபர் கீதா விஸ்வாஸுக்கு அது தெரியாது என்பதும் மொழி தெரியாமலே விளங்கியது. மற்றவை உள்ளூர்த் தயாரிப்பு. இன்று மிகுந்த பாசத்தோடு நினைவுகூரப்படும் காட்சிகளில் பல, சக்திமானாக வந்த முகேஷ் கன்னா நடித்தவையா திங்கள்கிழமை பிறந்தவையா என்பதைப் பிரித்தறிவது கடினம்.

5. மூன்றாம் நிபந்தனை: இடம்

இடம் மூவகைப்படும்: பஞ்சாயத்து டிவி ரூம், டிவி உள்ள வீட்டின் உட்புறம், அவ்வீட்டின் ஜன்னல். பஞ்சாயத்து டிவிக்குச் சாவி வைத்திருப்பவரின் மனநிலை தேவை. உட்புறத்துக்கு அவ்வீட்டுப் பையனோடு சண்டை இல்லாதிருக்க வேண்டும்; சனிக்கிழமை கோலிக்குண்டில் அவனுக்கு விட்டுக்கொடுப்பது இதற்கென்றே ஏற்பட்ட மரபு. ஜன்னலுக்கு உயரம் போதும்.

மரக்கதவு வைத்த டயனோரா, சாலிடேர் பெட்டிகளை அவ்வீட்டு அத்தை திறந்த பிறகே கூட்டம் அமைதியடையும். நிகழ்ச்சியின் முடிவில் சக்திமான் நல்லொழுக்கம் போதிப்பார். அதற்குள் அத்தை கதவைச் சாத்திவிடுவதால், வட்டாரத்தில் அப்போதனைகளின் தாக்கம் குறைவு.

6. உடைச் சிக்கல்

நினைவுகளில் பிழையானது துண்டு. சிறுவர்கள் எல்லோரும் கழுத்தில் அப்பாவின் துண்டைக் கட்டிக்கொண்டு சக்திமானாகச் சுழன்றனர். ஆனால் சக்திமானின் உடையில் முதுகுத்துணி கிடையாது. அது சூப்பர்மேனுக்கு உரியது. சுழலும்போது ஏதாவது பறக்க வேண்டும் என்ற தேவை தவிர வேறு விளக்கம் கிடைக்கவில்லை. சுழன்று முடித்தவர்கள் தலைசுற்றி விழுந்தது மட்டும் மூலத்தில் இல்லாத புதுமை.

7. சிறப்பின் தேய்வு

2006 செப்டம்பரில் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் மூன்றாம் நிபந்தனையை ஒழித்தது. கேபிளும் டிஷ்ஷும் முதல் நிபந்தனையை ஒழித்தன. அக்காலத்தில் சன் டிவியில் 'மை டியர் பூதம்' பார்த்து வளர்ந்தவர்களிடம் மூசா என்ற பூதத்தைப் பற்றிக் கேட்டால் கதையைச் சொல்கிறார்கள். சக்திமானைப் பற்றி முந்தைய தலைமுறையிடம் கேட்டால் ஆண்டெனாவைச் சொல்கிறார்கள்.

2020 ஏப்ரலில், ஊரடங்கின்போது, தூர்தர்ஷன் சக்திமானை மறுபடி ஒளிபரப்பியது. படம் தெளிவாக இருந்தது, கரண்ட் போகவில்லை, உட்கார இடம் தாராளம், எழுந்து போக வேறிடமும் இல்லை. மூன்று நிபந்தனைகளும் நாள்தோறும் நிறைவேறியதால் எந்த நாளும் சிறப்பு நாளாகவில்லை. அப்பாக்கள் பார்த்தார்கள், பிள்ளைகள் சற்று நேரம் இருந்துவிட்டுச் செல்போனுக்குப் போனார்கள். 25-ஆம் ஆண்டான 2022-ல் சக்திமான் திரைப்படமாக வரும் என்ற அறிவிப்பு வெளியானது. அப்படம் இவ்வட்டாரத்தில் சிறப்பு நிகழ்ச்சியாக ஏற்கப்பட வேண்டுமானால், பாதிப் படத்தில் ஒருமுறை கரண்ட் போவது நல்லது.