பாவாடைத் துணி விமானம்

ரைட் சகோதரர்களை விஞ்ஞானிகள் என்கிறது பாடப்புத்தகம். போனால் போகிறதென்று சைக்கிள் கடைக்காரர்கள் என்றும் ஒரு வரி சேர்ப்பார்கள். டெய்லர்கள் என்று மட்டும் வாயைத் திறக்க மாட்டார்கள். என்ன கௌரவக் குறைச்சலோ!

1900 செப்டம்பரில் அண்ணன் வில்பர் கிட்டிஹாக் மணல்வெளிக்குப் போய்ச் சேர்ந்தபோது கிளைடருக்கான இறக்கைத் துணி தயார். கட்டைதான் உதைத்தது. தேடியது 18 அடி, வழியில் கிடைத்தது 16 அடி. மாப்பிள்ளை குள்ளம் என்றால் சட்டையைத்தானே பிடிக்க வேண்டும்? தங்கியிருந்த டேட் வீட்டு அம்மாவின் தையல் மெஷினை இரவல் வாங்கி, துணியை வெட்டி, மறுபடி தைத்தார். பறந்து முடிந்ததும் சகோதரர்கள் கிளைடரை மணலிலேயே விட்டுவிட்டு ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள். டேட் அம்மா விடுவாரா? சாட்டீன் துணியை உரித்து மகள்களுக்குக் கவுன் தைத்துவிட்டார்.

1902இல் சொந்த வீட்டிலேயே கடை விரித்தார்கள். வில்பர் மணிக்கணக்கில் மெஷினைச் சுற்ற, தம்பி ஆர்வில் தரையில் குந்தி, தைக்க வேண்டிய இடத்தில் குறி போட, வீட்டில் மனுஷர் புழங்க இடமில்லை என்று தங்கை கேதரின் பேராயர் அப்பாவுக்குக் கடிதமே போட்டுவிட்டார்.

1903 விமானத்துக்குச் சொந்த ஊரான டேட்டனின் ஜவுளிக்கடையில் ‘பிரைட் ஆஃப் த வெஸ்ட்’ மஸ்லின். பெண்கள் உள்பாவாடைக்கு எடுக்கும் ரகம். அதில் போட்டார்கள் பாருங்கள், நம்ம ஊர் பிளவுஸ் டெய்லர் போடும் அதே கிராஸ் கட்டிங்! இழை 45 டிகிரி சாய்ந்து ஓடினால் துணியே சட்டத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். பெயின்ட், வார்னிஷ் எதுவும் பூசவில்லை.

டிசம்பர் 17. நான்கு தடவை பறந்தது. முதல் தடவை 12 விநாடி, கடைசித் தடவை 59. எல்லாம் கூட்டினாலும் நூறு விநாடியைச் சுற்றித்தான் வரும். அப்புறம் காற்று அதைத் தூக்கிப் புரட்டி நொறுக்கியது. அது மறுபடி பறக்கவே இல்லை. ஆனால் தையல் வேலை மட்டும் ஓயவில்லை.

பெட்டியில் கிடந்ததை 1913 டேட்டன் வெள்ளம் சேற்றில் முக்கியது. 1916இல் கண்காட்சிக்காகத் தட்டிக் கொட்டி நிறுத்தினார்கள். 1927இல் ஐம்பத்தைந்து வயது தாண்டிய ஆர்வில் பழைய துணியைக் கழற்றிப் புது மஸ்லின் போர்த்த வைத்தார். தன் முன்னாள் தலைவர் லாங்லியின் விமானம்தான் முதலில் பறக்கத் தகுதி பெற்றது என்று அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் மியூசியம் அடம்பிடித்ததில் மனிதருக்குக் கோபம். 1928இல் விமானத்தைச் சீமைக்கே, லண்டன் மியூசியத்துக்கு, அனுப்பிவிட்டார். அது ஊர் திரும்பியது 1948இல், அவர் கண்ணை மூடிய பிறகு. 1985இல் ஸ்மித்சோனியனே மறுபடி புதுத்துணி மாற்றியது. பறந்தது நூறு விநாடி, பராமரிப்பு எண்பது வருஷம்! பழைய விமானம் வைத்திருப்பவர் யாரைக் கேட்டாலும் இந்தக் கணக்கு நியாயம்தான் என்பார்.

கழற்றிய பழைய துணியை யாரும் கரித்துணி ஆக்கவில்லை. 1969இல் அதில் ஒரு துண்டு ஆர்ம்ஸ்ட்ராங்கோடு நிலாவுக்குப் போய்வந்தது. 2021இல் தபால்தலை அளவுத் துண்டு ஒன்று இன்ஜெனுவிட்டி ஹெலிகாப்டரின் சோலார் தகட்டுக்கு அடியில் ஒட்டிக்கொண்டு செவ்வாயில் பறந்தது. 2024 ஜனவரியில் ஹெலிகாப்டரின் இறக்கை உடைந்தது. அங்கே ரிப்பேர் பார்க்க ஆள் கிடையாது. பாவாடைத் துணி இன்னும் அங்கேதான் இருக்கிறது.