நாளுக்கொரு சொல், ஆளுக்கொரு கணக்கு

நாளுக்கொரு ஆங்கிலச் சொல் கற்பது என்பது அகராதியைத் தவணை முறையில் வாங்கும் ஏற்பாடு. காலையில் ஒரு சொல், அதன் பொருள், அதை வைத்து ஒரு வாக்கியம், அவ்வளவுதான். இந்த ஏற்பாடு புதிதல்ல. அமெரிக்காவின் ரீடர்ஸ் டைஜஸ்ட் இதழில் வில்ஃப்ரெட் ஃபங்க் 1945-இல் சொல்வளப் பகுதி ஒன்றைத் தொடங்கினார். நார்மன் லூயிஸின் 'வேர்ட் பவர் மேட் ஈஸி' 1949-இல் வந்தது. இந்திய நடைபாதைக் கடைகளில் இன்றும் அதற்குக் கிராக்கி குறையவில்லை. இந்தியாவில் பிறந்த அனு கார்க், அமெரிக்காவில் மாணவராக இருந்தபோது, 1994-இல் மின்னஞ்சலில் தினமும் ஒரு சொல் அனுப்பத் தொடங்கினார். தமிழ்நாட்டில் இப்போது இந்த வழக்கத்தைக் கட்டிக் காப்பவர்கள் வங்கித் தேர்வு எழுதுவோர். ஆங்கில நாளிதழின் தலையங்கத்தில் அடிக்கோடிட்ட சொற்கள் காலை வணக்கத்தோடு வாட்ஸ்அப் குழுக்களில் வந்து விழுகின்றன.

முறையின் நிறைகுறைகளை விளக்க இரண்டு பேர் போதும். ஒருவர் தேர்வர்: பி.இ. முடித்தவர், வயது இருபத்தைந்து, இரண்டு முறை மெயின்ஸ் வரை போய்த் திரும்பியவர், மேற்படி குழு ஒன்றின் அட்மின். மற்றவர் மெய்ப்பர்: ஆங்கில நாளிதழில் முப்பது ஆண்டு புரூஃப் பார்த்து ஓய்வு பெற்றவர், கல்யாண அழைப்பாக இருந்தாலும் கருமாதிக் கடிதமாக இருந்தாலும் முதலில் எழுத்துப்பிழைதான் அவர் கண்ணில் படும். இருவரும் சந்திப்பது மாவட்ட மைய நூலகத்தில். உள்ளே பேசக் கூடாது என்பதால் ஆங்கிலத்தின் எதிர்காலம் செருப்பு விடும் இடத்தில் நின்றபடி தீர்மானிக்கப்படுகிறது.

முதலில் எழுவது எண்ணிக்கை. தேர்வரின் கணக்கு எளிமையானது.

"நாளைக்கு ஒண்ணுன்னா வருஷத்துக்கு முந்நூத்தி அறுபத்தஞ்சு சார். சும்மாவா?"

"லீப் வருஷத்துல ஒண்ணு கூட வரும். மொத்தம் எத்தனை இருக்குன்னு பாத்தியா தம்பி?"

ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கிலப் பேரகராதியின் 1989-ஆம் ஆண்டுப் பதிப்பு 20 தொகுதிகள் கொண்டது. அதில் உள்ள பதிவுகள் ஏறத்தாழ 2,91,500. நாளுக்கொன்று வீதம் படித்தால் முடிக்க 798 ஆண்டுகள் ஆகும். மெய்ப்பர் இதை மனக்கணக்காகவே போட்டுவிட்டு, இந்த வேலை இன்றைக்கு முடிய வேண்டுமானால் மூன்றாம் ராஜராஜன் காலத்திலேயே தொடங்கியிருக்க வேண்டும் என்றார். தேர்வருக்கு வரலாறும் பாடம் என்பதால் ஆண்டைச் சரிபார்த்துக்கொண்டார்.

"எல்லாச் சொல்லும் எனக்கு எதுக்கு சார்? தேவையானது போதும்."

"அப்பிடிச் சொல்லு. எது தேவைன்னு யாரு சொன்னா?"

இதற்கு விடை தேடியவர்களில் முன்னோடி ஒருவர் நம் துணைக்கண்டத்தில்தான் வேலை பார்த்தார். மைக்கேல் வெஸ்ட் என்ற ஆங்கிலேயர் டாக்காவில் கல்வித் துறையில் இருந்தவர். வங்காள மாணவர்கள் ஆங்கிலப் பாடநூலில் தட்டுத் தடுமாறுவதைப் பார்த்து, அடிக்கடி வரும் சொற்களை மட்டும் வைத்து வாசிப்பு நூல்களை எழுதினார். பின்னாளில், 1953-இல், சுமார் 2,000 சொற்கள் கொண்ட பொதுப் பட்டியலை வெளியிட்டார். சாதாரண ஆங்கிலப் பக்கம் ஒன்றில் ஐந்தில் நான்கு பங்கு இந்த இரண்டாயிரத்துக்குள் அடங்கிவிடும். மீதிப் பங்குதான் கழுத்தை அறுக்கும். நாவலையோ நாளிதழையோ பிறர் துணையில்லாமல் படிக்க 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் தெரிந்திருக்க வேண்டும் என்று நியூசிலாந்து அறிஞர் பால் நேஷன் 2006-இல் கணக்கிட்டார். ஒரு சொல்லும் அதிலிருந்து கிளைக்கும் வடிவங்களும் சேர்ந்தது ஒரு குடும்பம்.

"எட்டாயிரத்த முந்நூத்தி அறுபத்தஞ்சால வகு."

"இருபத்திரெண்டு வருஷம் வருது சார்."

"பொதுப் பிரிவுக்கு வயசு வரம்பு முப்பது. நீ நாப்பத்தேழுல இங்கிலீஷ்ல தயாராயிடுவ."

தேர்வர் அசரவில்லை. முதல் இரண்டாயிரம் தமக்கு எப்போதோ தெரியும் என்றும், தாம் சேர்ப்பது அதற்கு மேற்பட்டவற்றை என்றும் சொன்னார். நாளுக்கொரு சொல் முறையின் உயிர்நாடி இந்த நம்பிக்கைதான். தெரிந்த சொல்லை யாரும் காலையில் பரிமாற மாட்டார்கள். ஆகவே பட்டியல் தயாரிப்பவர் அரிய சொல்லாகத் தேடிப் பிடிக்கிறார். ஒரு சொல் அரிதாக இருப்பதன் காரணம் அதற்கு அதிகம் வேலையில்லை என்பதே. பயன் குறையக் குறைய மதிப்பு ஏறும் சரக்குகளில் தங்கத்துக்கு அடுத்தபடி இதைச் சொல்லலாம்.

"சசி தரூர் பேசுனா நாடே டிக்ஷனரியத் திறக்குதே சார்!"

உண்மைதான். 2017 மே மாதம் அவர் தம் மறுப்பு ஒன்றில் 'ஃபராகோ' என்ற சொல்லைப் போட்டார். குப்பையாகக் கலந்த கதம்பம் என்பது பொருள். பலர் அகராதிக்கு ஓடினார்கள். அடுத்த ஆண்டு அக்டோபரில் 'ஃப்ளாக்சினாசினிஹிலிபிலிஃபிகேஷன்' வந்தது. ஆங்கிலத்தில் 29 எழுத்து. ஒன்றை மதிப்பற்றதாகக் கருதுவது என்று அர்த்தம். 2020-இல் இத்தகைய சொற்களைத் தொகுத்துத் தனி நூலாகவே வெளியிட்டார்.

"அவரு அந்த நீளச் சொல்லுக்கு முன்னாடியும் பின்னாடியும் சின்னச் சொல்லா எத்தன போட்டாருன்னு எண்ணிப் பாத்தியா?" என்று மெய்ப்பர் கேட்டார். "அதுல ஒண்ணாவது தப்பா விழுந்திருக்கா? ஒனக்கு அங்கதான் விழும்."

விழுந்ததற்குச் சான்று உண்டு. தேர்வர் குடியிருக்கும் அறையில் குழாய் ஒழுகியது. வீட்டுக்காரருக்கு ஆங்கிலத்தில் புகார் எழுதினார். அன்றைய சொல் 'லாக்ரிமோஸ்', கண்ணீர் மல்கும் என்று பொருள். குழாய் சில நாளாக லாக்ரிமோஸாக இருக்கிறது என்று எழுதினார். வீட்டுக்காரர் அதைக் கம்பெனிப் பெயர் என்று எடுத்துக்கொண்டு, இனிமேல் அந்த பிராண்டு குழாயே வாங்கக் கூடாது என்று பிளம்பருக்கு உத்தரவு போட்டார். ஒழுகல் நிற்கவில்லை. அதே கடிதத்தின் நகலில் 'இன்ஃபார்ம்டு யூ' என்பதற்குப் பதில் 'இன்ஃபார்ம்டு டு யூ' என்று இருந்ததை மெய்ப்பர் சிவப்பு மையால் சுழித்துத் திருப்பிக் கொடுத்தார். லாக்ரிமோஸின் எழுத்துக்கூட்டல் மட்டும் அப்பழுக்கில்லாமல் இருந்தது.

அடுத்தது மறதி. இதை முதலில் அளந்து பார்த்தவர் ஜெர்மானியரான ஹெர்மன் எபிங்ஹாஸ். பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, மறந்த பிறகு மறுபடி மனப்பாடம் செய்ய எவ்வளவு நேரம் மிச்சமாகிறது என்று பார்த்தார். ஒரு மணி நேரத்திலேயே பாதிக்கு மேல் போய்விட்டது. ஒரு நாள் கழித்து மிஞ்சியது மூன்றில் ஒரு பங்கு அளவு. ஒரு மாதம் கழித்து ஐந்தில் ஒரு பங்கு. முதல் நாளில் கொட்டிப்போவதுதான் அதிகம்; பிறகு கசிவு மெதுவாகிவிடுகிறது. முடிவுகள் 1885-இல் நூலாக வந்தன.

"அது அர்த்தமில்லாத அசை சார். நான் படிக்கிறது சொல்லு."

"ஒன் குரூப்ல இருக்கவங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

இந்த இடத்தில் மெய்ப்பர் வெற்றிக் களிப்பில் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடிப்பதற்குள் தேர்வர் மடக்கினார். மறதிக்கு மருந்து எப்போதோ கண்டாயிற்று என்றார். 1972-இல் செபாஸ்டியன் லைட்னர் என்ற ஜெர்மன் எழுத்தாளர் சொன்ன அட்டைப்பெட்டி முறையில், சரியாகச் சொன்ன அட்டை அடுத்த அறைக்குப் போகும். தவறினால் முதல் அறைக்கே திரும்பும். முதல் அறையை அடிக்கடியும் கடைசி அறையை எப்போதாவதும் எடுத்துப் பார்க்க வேண்டும். இதே இடைவெளிக் கணக்கைக் கணினி தானே பார்த்துக்கொள்ளும் 'அன்கி' என்ற செயலி 2006-இல் வந்தது. மறக்கப் போகும் நேரம் பார்த்துச் சொல்லை மறுபடி கண்முன் நிறுத்துவதுதான் இதன் நுட்பம்.

"ஒன் போன்ல இருக்கா?"

"ஏத்தி வச்சிருக்கேன் சார்."

"தெறந்து காட்டு."

பார்வைக்காகக் காத்திருந்த அட்டைகள் 1,143. தேர்வர் தினமும் புதிய சொல்லைச் சேர்த்திருந்தார். பழையதைத் திருப்பிப் பார்க்கவில்லை. புதுச் சொல் சேர்ப்பதில் இருக்கும் மகிழ்ச்சி பழஞ்சொல்லைத் துடைத்து வைப்பதில் இல்லை. இதில் செயலியின் குற்றம் ஒன்றுமில்லை.

மெய்ப்பரின் மாற்று யோசனை ஒரே வரிதான்: படி. நல்ல ஆங்கிலத்தை நிறையப் படித்தால் சொல் தானாக ஒட்டும். இதைச் சொல்பவர்கள் உலகெங்கும் உண்டு. பெரும்பாலோர் ஏற்கெனவே படித்து முடித்தவர்கள். தேர்வரின் பதில் இந்த வழக்கிலேயே வலுவானது.

"நீங்க முப்பது வருஷம் சம்பளம் வாங்கிட்டே படிச்சீங்க சார். எனக்குப் பரீட்சைக்குப் பதினோரு வாரம் இருக்கு. தலையங்கத்துல இன்னைக்குப் பாத்த சொல்லு மறுபடி எப்ப வரும்? அடுத்த பட்ஜெட்டுக்கா?"

மெய்ப்பருக்கு இதற்கு விடை கிடைக்கவில்லை, கிடைக்கவும் செய்யாது. ஓரளவு அரிய சொற்கள் வாசிப்பில் நீண்ட இடைவெளி விட்டே வருகின்றன. ஒரு முறை பார்த்து ஒட்டுவது குறைவு, பல முறை வெவ்வேறு வாக்கியங்களில் பார்த்தால்தான் நிற்கிறது. அவசரக்காரருக்கு வாசிப்பு மட்டும் போதாது. தேர்வர் விடாமல் இன்னொன்றும் கேட்டார்: முப்பது ஆண்டு தினமும் பத்திரிகை முழுவதையும் படித்தவருக்கு அதிலிருந்து ஏதாவது ஒரு செய்தி நினைவிருக்கிறதா? மெய்ப்பர் யோசித்தார். ஒரு நிதிநிலை அறிக்கை நாளில் முதல் பக்கத் தலைப்பில் 'பப்ளிக்' என்ற சொல்லில் ஓர் எழுத்து விழுந்துபோக இருந்ததைத் தாம் கடைசி நிமிடத்தில் பிடித்தது நினைவிருந்தது. வரி ஏறியதா இறங்கியதா என்பது நினைவில்லை.

கடைசியாகப் பயன்பாடு. சொல்லின் பொருள் தெரிவது ஒன்று, அதை எதோடு சேர்த்து வைப்பது என்று தெரிவது வேறு. தேநீரை ஆங்கிலத்தில் 'ஸ்ட்ராங்' என்பார்கள், 'பவர்ஃபுல்' என்பதில்லை. அகராதியில் இரண்டும் பக்கத்து வீட்டுக்காரர்கள். வழக்கமாகக் கூட வரும் சொற்களும் பொருளின் ஒரு பகுதியே என்று பிரிட்டிஷ் மொழியியலாளர் ஜே. ஆர். ஃபிர்த் 1950-களில் வற்புறுத்தினார். காலைச் செய்தியில் வரும் சொல் தனியாக வருகிறது, கூட்டாளிகளை வீட்டில் விட்டுவிட்டு. அமெரிக்கத் தேர்வுகளும் இதை உணர்ந்துகொண்டன: ஜி.ஆர்.இ. தேர்வில் எதிர்ச்சொல், ஒப்புமை வினாக்கள் 2011-இல் நீக்கப்பட்டன.

வங்கி அதிகாரி முதல்நிலைத் தேர்வின் ஆங்கிலப் பகுதிக்கு 20 நிமிடம். பத்தியைப் படித்தல், கோடிட்ட இடம், பிழை கண்டறிதல் என்று போகும்; சொல்லைக் கொடுத்துப் பொருள் மட்டும் கேட்பது கொஞ்சமே. போன முறை தேர்வர் எங்கே மதிப்பெண் விட்டார் என்று மெய்ப்பர் விசாரித்தார்.

"'புட் அப் வித்' சார். 'புட் அப்'னா தங்குறதுன்னு நெனச்சேன். பொறுத்துப் போறதாம்."

"புட் எத்தனாவது சொல்லு? ஒன் முதல் ரெண்டாயிரத்துல இருக்கா?"

"இருக்கு சார்."

"தெரிஞ்ச சொல்லு!"

சின்னச் சொற்களின் கொடுமை இதுதான். அதே ஆக்ஸ்ஃபோர்டு பதிப்பில் 'செட்' என்னும் வினைக்கு மட்டும் 400-க்கு மேற்பட்ட பொருள்கள் பிரித்துக் காட்டப்பட்டிருக்கின்றன. நாளுக்கொரு பொருளாகப் படித்தால் அந்த ஒரு சொல்லே ஓராண்டைத் தின்றுவிட்டு மேலும் கேட்கும். எந்தக் குழுவிலும் 'இன்றைய சொல்: செட்' என்று போட முடியாது, அட்மின் பதவி போய்விடும்.

பேச்சுவார்த்தை உடன்பாட்டில் முடிந்தது. தினமும் ஒரு தலையங்கம் முழுமையாகப் படிப்பது. வாசிப்பில் இரண்டு முறை எதிர்ப்பட்ட சொல்லை மட்டும், அது வந்த வாக்கியத்தோடு நோட்டில் எழுதுவது. புதியதைச் சேர்க்கும் முன் செயலியில் நிலுவையை முடிப்பது. தலையங்கத்தை மெய்ப்பரும் படிக்க வேண்டும், இம்முறை பொருளுக்காக. அவர் இதற்கு மட்டும் கொஞ்சம் அவகாசம் கேட்டார்.

புதிய விதி நடைமுறைக்கு வந்த காலையில் இரண்டு முறை எதிர்ப்பட்ட சொல் ஏதும் தேர்வரிடம் இல்லை. குழுவில் இப்படிப் போட்டார்: இன்று புதிய சொல் இல்லை, நேற்றைய சொல்லைத் திருப்பிப் பார்க்கவும். எந்தச் சொல்லுக்கும் கிடைக்காத அளவுக்குக் கட்டைவிரல்கள் வந்து குவிந்தன. நேற்றைய சொல் எது என்று ஓர் உறுப்பினர் கேட்டிருந்தார். பதில் போட அட்மின் மேலே தள்ளித் தேட வேண்டியிருந்தது.