அப்பாவுக்கு இடம் பத்தலை

கொலம்பஸ், ஒஹையோ

அன்புள்ள அம்மாவுக்கு,

முதல்ல அழுகையை நிறுத்து. நான் இங்கே யாரையும் கட்டிக்கலை. உங்க விசாவுக்காக ஆபீஸ் மெயில்ல இருந்து அனுப்பின கடிதத்துல, என் பேருக்குப் பக்கத்துல ஒட்டிக்கிட்டு நிக்கிற அந்த 'மீனாட்சிஸ்' வேற யாரும் இல்லை. அப்பாதான்.

ஊர்ல 'மீ. சிவகுமார்'னு ஒத்தை எழுத்துல அடங்கிக் கிடந்தவர், பாஸ்போர்ட் எடுத்தப்போ சர்நேம் கட்டத்துல முழுசா ஏறி உட்கார்ந்துட்டார். எங்க ஆபீஸ்ல மெயிலுக்கும் லாகினுக்கும் ஒரே பேர்தான்: தன் பேர், ஒரு புள்ளி, சர்நேம். மொத்தம் 20 எழுத்துக்கு மேலே போகக்கூடாது. இங்கிலீஷ்ல நான் 9, புள்ளி 1. மிச்சம் 10. அப்பாவோ 17 எழுத்து ஆள். மீனாட்சி உள்ளே வந்துட்டா, சுந்தரம் ஒத்தை 'எஸ்'ஸோட வாசல்ல நிக்கிறார்.

ஏன் 20? விண்டோஸ் என்.டி. காலத்துக் கம்ப்யூட்டருக்காக வச்ச அளவு. லாகின் பேர் போடுற கட்டத்துக்குப் பக்கத்துல 'விண்டோஸ் 2000-க்கு முந்தையது'ன்னு இன்னமும் எழுதியிருக்கு. புது முறையில நீளமான பேரும் வைக்கலாம். ஆனா பழசும் புதுசும் ஒண்ணா இருந்தாத்தான் குழப்பம் வராதுன்னு எங்க ஆபீஸ்ல ஒரு மகான் முடிவு பண்ணிட்டு ரிட்டயர் ஆயிட்டார். அவர் பேர் நாலே எழுத்து.

இந்தப் பேர் மாத்துற உத்தியோகமே என்னுதுதான். அப்படி என்னதான் பாக்குறான்னு சித்தப்பா கேட்டுக்கிட்டே இருக்காரே, இதான். கல்யாணம் ஆனவங்க, விவாகரத்து ஆனவங்க எல்லாருக்கும் நான்தான் நாமகரணம். ஹெச்.ஆர்.ல இருந்து டிக்கெட் வரும், ரெண்டு தட்டு தட்டுவேன், ஆள் மாறிடுவார். முதலாளி பேரையே மாத்துற சாவி என்கிட்ட இருக்கு. (பெரியம்மாகிட்ட இதை மட்டும் கொஞ்சம் சத்தமாச் சொல்லு.)

ஆனா பழைய பேர் லேசுல போகாதும்மா. கணக்குப் பிரிவுல ஒரு வெள்ளைக்கார அம்மா, கோர்ட் தீர்ப்போட வந்து புருஷன் பேரை எடுத்துடுன்னாங்க. எடுத்தேன். எல்லாருக்கும் கேக் கொடுத்தாங்க. மறுநாள் காலையில போன்: "அவன் இன்னும் உள்ளேதான் இருக்கான்." போய்ப் பார்த்தா, சி டிரைவ்ல 'யூசர்ஸ்' ஃபோல்டருக்குள்ள அந்தாள் பேர் ஜம்முனு இருக்கு. லாகின் பேரை மாத்தினா அந்த ஃபோல்டர் பேர் தானா மாறாது. கம்ப்யூட்டருக்கு நம்ம பேரெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. ஆளுக்கு ஒரு நீள எண் போட்டு வச்சிருக்கும், எஸ்-1-5-21னு ஆரம்பிக்கும். ஜாதகம் மாதிரி, பேரை எத்தனை தடவை மாத்தினாலும் அது மாறாது. போதாததுக்கு, வர்ற கடிதம் தவறிடக்கூடாதுன்னு பழைய மெயில் முகவரியையும் அவங்க கணக்கோடயே கட்டி வச்சிருக்கோம். புது லேப்டாப் வர்ற வரைக்கும் அவங்க எந்த ஃபைலைத் தேடிப் போனாலும் அந்தாளைத் தாண்டித்தான் போகணும். கேக் சாப்பிட்ட வாயால இதை நான் எப்படிச் சொல்லுவேன்?

உன் பேரை நீயே மாத்திக்கவேண்டியதுதானேன்னு கேப்பே. கேட்டுப் பார்த்தேன். சம்பளப் பட்டியல்ல உள்ள பேர்தான் வரும்னு ஹெச்.ஆர். சொல்லுது. பட்டியல் சோஷியல் செக்யூரிட்டி அட்டையைக் கை காட்டுது, அட்டை பாஸ்போர்ட்டைக் காட்டுது. பாஸ்போர்ட்டைப் பிடிச்சுக்கிட்டுப் போனா, மதுரையில அப்பா கட்டம் கட்டமா நிரப்பிக் கொடுத்த பாரத்துல போய் நிக்குது. 'எம்' மேலே மை ஊறிப்போய், ஊதி ஊதிக் காய வச்சாரே, அந்தப் பாரம்.

நீ ஒரு நாளும் வாயால சொல்லாத பேரு. சிலிண்டர்காரன் கேட்டாக்கூட, "டேய், நீ சொல்லுடா"ம்பே. இங்கே தினமும் காலையில அதைத் தட்டித்தான் வேலையைத் திறக்கிறேன். பனி கொட்டுற நாள்ல விரலெல்லாம் மரத்துப்போயிருக்கும். 'எஸ்' வரைக்கும் தட்டிட்டு, மிச்சத்தை மனசுக்குள்ளயாவது சொல்லி முடிப்பேன். பாதியில விட மனசு வராது.

அக்கா பையனுக்கு அத்தான் நியூமராலஜி பார்த்து, பேருக்கு நடுவுல ரெண்டு 'ஏ'யும் கடைசியில ஒரு 'ஹெச்'சும் சேர்க்கிறாராமே? தாராளமாச் சேர்க்கட்டும். ஆனா நாளைக்கு அவன் பின்னாடி திருநாவுக்கரசும் வரும்னு ஞாபகப்படுத்து. இங்கிலீஷ்ல எழுதினா அத்தானே 16. புள்ளி போக, பிள்ளைக்கு மிச்சம் 3.

இப்படிக்கு,
சிவகுமார்